மலைக்குப் போன வெல்லம்

1979 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தலைக்குக் குளித்தேன். அப்பாவுடன் மண்டிக்குப் போய்ப் போணி செய்தேன். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டேன். பள்ளிக்கூடம். மதியம் வீட்டில் சாப்பாடு, வெள்ளிக்கிழமை என்பதால் பாயசம். மாலை மறுபடியும் மண்டி. கணக்கு வீட்டுப்பாடம் முடித்தேன். நூலகப் புத்தகத்தில் கொஞ்சம் படித்தேன். எட்டரைக்குப் படுத்தேன்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கையெழுத்து, கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. இதைப் படிக்கிற யாரும் அன்று ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே அதை எழுதி வைத்தேனோ என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

சந்தேகம் வரக் காரணம், எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம். போன கூட்டத்தில், சிறுவர்களும் சிறுமிகளும் வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் நாவல்களைப் பற்றிப் பேசினோம். எல்லாவற்றிலும் ஒரு நாள் வருகிறது. குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். ஒரு கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும். குழந்தை உள்ளே பார்க்கும். பெரும்பாலும் மழை பெய்யும். அடுத்த அத்தியாயத்தில் அது வேறு குழந்தை. வந்திருந்தவர்கள் அந்த இடங்களை உருகி உருகிப் பேசினார்கள். எனக்கு அந்தக் கதவின் மேல் நம்பிக்கை வரவில்லை. முந்தின நாளும் அது அங்கேதானே இருந்திருக்கும்? முந்தின நாள் அந்தக் குழந்தை அதைத் தாண்டிப் போனபோது ஏன் தலையைத் திருப்பவில்லை? இதைக் கேட்டேன். "அப்படியானால் உங்களுடைய அந்த ஒரு நாளை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். எந்த நாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

அப்பா கள்ளக்குறிச்சியில் வெல்ல மண்டி வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் கரும்பு காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து உருண்டை வெல்லம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். மண்டிக்குள் நுழைந்ததும் முன்பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் நல்ல வெல்லம் குவிந்திருக்கும். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கறுப்பு வெல்லம். பாகு தீய்ந்தது, மழையில் நனைந்தது, மண் கலந்தது எல்லாம் அங்கே போகும். தெரியும் என்றாலும் நான் அங்கே போனதில்லை. "அங்க தேளு இருக்கும், போவாத" என்று அப்பா சொல்லியிருந்தார். தேள் ஒன்றைக்கூட யாரும் அடித்து நான் பார்த்ததில்லை.

போணி என்பது அன்றைய முதல் வியாபாரம். அதை என் கையால் செய்வது எங்கள் மண்டியின் வழக்கம். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் தராசுத் தட்டில் ஓர் உருண்டையை எடுத்துப் போட்டேனாம். அன்று மத்தியானத்துக்குள் மண்டி காலியாகிவிட்டதாம். அதிலிருந்து எனக்குக் கைராசி என்று ஆகிவிட்டது. காலையில் நான் குளித்துவிட்டு வர வேண்டும். அப்பா முன்பக்கக் குவியலிலிருந்து கீறல் இல்லாத ஓர் உருண்டையாகப் பார்த்து எடுத்து என் கையில் கொடுப்பார். நான் அதைத் தட்டில் வைத்துக் கும்பிடுவேன். அதற்குப் பிறகுதான் மூட்டை தராசில் ஏறும். எடை போட்டதும், நான் வைத்த உருண்டையை மூட்டையின் வாயில் வைத்துக் கோணி ஊசியால் தைத்துவிடுவார்கள்.

முதல் வியாபாரம் பெரும்பாலும் மலைக்குப் போகிற ஜீப்புக்குத்தான். வெயில் ஏறுவதற்குள் மலைப்பாதையைப் பிடிக்க வேண்டும் என்று ஜீப்புக்காரர் விடிந்ததும் வந்து நிற்பார். வெள்ளிமலைக்கும் அதற்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கும் வெல்லம் ஏறும். எவ்வளவோ ஏறும். மலைக்காரர்கள் இனிப்பு ஜாஸ்தி சாப்பிடுகிறவர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சாமைச் சோற்றில் வெல்லம், களியில் வெல்லம், குழந்தைகளுக்குக் கையில் வெல்லம் என்று எனக்குள் ஒரு மலை இருந்தது. அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் வகுப்பில் 'எங்கள் வட்டாரத்து மலை' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "கல்வராயன் மலை மக்கள் இனிப்பை மிகவும் விரும்பி உண்பர். அதனால் அவர்கள் பேச்சும் இனிமையாக இருக்கும்" என்று எழுதினேன். தமிழாசிரியை அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையில் சரி என்று குறி போட்டார். கட்டுரையை வகுப்பில் வாசிக்கவும் சொன்னார். நான் வாசித்தபோது, என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் பெண் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள்.

"இன்னாடி சிரிப்பு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. டீச்சரு உன்னவிட நல்லா சிரிப்பு காட்றாங்க" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. ஆசிரியை உள்ளூர்க்காரர். அவருடைய வீடு எங்கள் மண்டிக்கு நாலு கடை தள்ளி இருந்தது. காலையில் ஜீப்பில் என்ன ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அந்தச் சிவப்புக் குறியை இன்று நினைத்தாலும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. என்னைக் காப்பாற்றப் போட்டாரா, கேலிக்குப் போட்டாரா, அல்லது பிழையில்லாமல் எழுதியிருந்ததற்காகப் போட்டாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி பதினாறாம் தேதி காலையில் நாங்கள் போனபோது ஜீப்பு வந்து நின்றிருந்தது. ஜீப்புக்காரர் வழக்கம்போலத் தொடங்கினார்.

"சின்ன மொதலாளி வந்தாச்சா? வா வா. உன் கைக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்."

"எல்லா நாளும் இதையேதான் சொல்றீங்க."

"எல்லா நாளும் இதேதான நடக்குது? நீ ஒரு உருண்ட வெச்சா போதும், நான் பிரேக்கு போடறதுக்குள்ள மூட்ட எறங்கிடுது. மலையே உம்மேல கெறங்கிக் கெடக்குது பாப்பா."

"வாய மூடிக்கினு ஏத்துய்யா" என்றார் அப்பா.

அந்த அதட்டல் எனக்குப் புதிதில்லை. ஜீப்புக்காரர் என்னிடம் விளையாட்டாகப் பேசும்போதெல்லாம் அப்பா அதட்டுவார். ஆனால் அன்று ஜீப்புக்காரர் சிரிக்காமல் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, "மலையில கெடுபிடி ஜாஸ்தியா இருக்குது மொதலாளி. இன்னிக்கி கம்மியா குடுங்க போதும். மேல தவுடு நாலு மூட்ட போட்டு மூடிடலாம்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார். நான் உருண்டையைத் தட்டில் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் காது மூடவில்லை. வெல்ல மூட்டைக்கு மேல் எப்போதும் தவிட்டு மூட்டை அடுக்குவார்கள். "மலையில எருமை ஜாஸ்தி, தவுடு வேணும்" என்று ஜீப்புக்காரர் எப்போதோ எனக்குச் சொல்லியிருந்தார். மூடுவதற்காக என்று அன்றுதான் கேட்டேன்.

என் பெஞ்சுத் தோழி அந்த வாரம் முழுக்க வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். அன்று காலை இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் போனபோது அவள் அங்கே நின்றாள். சீருடையில் இல்லை. காலடியில் அவளுடைய தகரப் பெட்டி இருந்தது.

"இன்னாடி, எங்க போயிருந்த?"

"ஊருக்கு. பொட்டிய எடுத்துக்கினு போவ வந்தன்."

"ஏன்?"

"அப்பாவ போலீசு புடிச்சிக்கினு போயிட்டாங்க. பானைய எல்லாம் ஒடைச்சிட்டாங்க."

"எந்தப் பானைய?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் கோபம் வந்தது அவளுக்கு. பிறகு அது போய்விட்டது. என் முகத்தில் எதையோ தேடிப் பார்த்து, கிடைக்காமல் விட்டதுபோல் இருந்தது.

"நெஜமாவே தெரியாதாடி உனக்கு? உங்க வெல்லத்த ஊறப் போடுற பானதான். சாராயம் காச்சறதுக்கு. வேற எதுக்கு அத்தன மூட்ட மேல ஏறுது? நாங்க இன்னா எறும்பா?"

அப்போது மதுவிலக்கு இருந்த காலம். மலையில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெல்லம் மலைக்குப் போகிறது என்பதும் தெரியும். இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள் நான். எனக்கு எப்படி இந்தக் கூட்டல் வராமல் போனது? நாவல்களில் வரும் குழந்தைகள் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததைத் தள்ளி வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"எங்க வெல்லம் நல்லா இருக்குமேடி" என்றேன்.

"சில மூட்டையில மேல ஒரே ஒரு உருண்ட நல்லா இருக்கும். ராசி மூட்டன்னு ஜீப்புக்காரர் சொல்லுவாரு. எங்க அப்பா அதைத்தான் கேட்டு வாங்குவாரு. பிரிச்ச ஒடனே அந்த உருண்டைய எடுத்து எனக்குக் குடுத்துருவாரு. கீழ இருக்கறது பூரா கறுப்பு. மண்ணு, பூச்சி. அத யாரு வாயில வெப்பாங்க?"

அந்த ஒரு உருண்டை என் கை வைத்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

"திரும்பி வர மாட்டியா?"

"அம்மா ஒண்டியா இருக்குது. தம்பி சின்னப் பையன். அப்பாவுக்கு ஜாமீன் கெடைச்சு வெளிய வந்துட்டா வருவன். மாமா வந்திருக்காரு. இன்னாவோ ஏற்பாடு பண்றன்றாரு."

மணி அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் போனாள். பெட்டி கனமாக இல்லை. ஒரு கையிலேயே ஆட்டிக்கொண்டு போனாள்.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கவனித்தேன். அதுவரை அம்மாவை அப்படிக் கவனித்ததில்லை. வேவு பார்க்கிறவள்போல் பார்த்தேன்.

"இது எந்த வெல்லம்மா?"

"நம்ம வூட்டுக்குன்னு எடுத்து வெச்சது."

"மலைக்குப் போறத நாம ஏன் சாப்பிடறதில்ல?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினார். பாயசம் ஒன்றும் அதில் ஒட்டியிருக்கவில்லை. "அது நல்லா இருக்காது" என்றார்.

"நல்லா இல்லாதத அவங்க ஏன் அவ்ளோ வாங்கறாங்க?"

"உங்கப்பாவ கேளு." இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "வேணாம். கேக்காத. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, குடி."

அம்மாவுக்குத் தெரியும். பாயசத்தைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். எனக்குப் பசித்தது.

பிற்பகல் பாடங்கள் எதுவும் நினைவில்லை. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோரும் சேர்ந்து ஒரு விஷயத்தைச் சுற்றி நடந்து போகிறார்கள், நான் மோதிக்கொள்ளாமல் இருக்கும்படி எனக்கும் வழி விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. அது அன்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

மாலையில் மண்டிக்குப் போனேன். அப்பா பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தவிட்டு மூட்டைகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தைத் திறந்தேன். அங்கிருந்து தகரத் தடுப்பின் ஓரம் தெரியும். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தோளில் துண்டு, கால்களில் மலைப்பாதைச் செம்மண். அவருக்குப் பின்னால் என் தோழி பெட்டியுடன் நின்றாள். அவர்தான் அவளுடைய மாமா.

"வாய்யா" என்றார் அப்பா.

"நாளைக்கி காலைல மொத வண்டியில ரெண்டு மூட்ட வேணுங்க மொதலாளி."

"இன்னாய்யா இது? இப்பத்தான பானைய ஒடைச்சிட்டுப் போயிருக்காங்க. மறுபடியுமா?"

"ஒரே ஒரு தடவ ஊறினா போதுங்க. வக்கீலுக்கு ஆவும். மச்சான வெளிய கொண்டாந்துட்டா அப்பறம் பாத்துக்கலாம். இந்தப் பொண்ணு படிப்பு வேற நிக்குது."

அப்பா மூட்டைகளைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.

இப்படித்தான் எனக்கு உறுதியானது. கதவு எதுவும் ஒருக்களித்துத் திறந்திருக்கவில்லை. அப்பா யாருக்கும் ஒளிந்துகொண்டு பேசவில்லை. புளி, மிளகாய் விற்கிறவர் பேசுகிற குரலில் பேசினார். மூலையில் நான் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

தோழிக்குத் தெரிந்தது. மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். நேராக என்னிடம் வந்து தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"நாளைக்கி மொத ஜீப்புல போறோம். நீதான போணி பண்ணுவ?"

"உனக்கு யாரு சொன்னது?"

"மாமாதான் சொன்னாரு. ராசி மூட்டன்றது உன் கை வெச்சதுதானாமே. ஏன்டி சொல்லல எனக்கு?" என் தொடையில் கிள்ளினாள். "நாளைக்கி நீயே வெச்சுக் குடுடி. போன தடவ ராசி இல்லாத மூட்டதான் வந்துது. அதான் இப்படி ஆயிட்டுதுன்னு அம்மா அழுதுக்கினே இருக்குது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுடி."

"கிடையாதுன்னா வெக்கறதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன். "இந்த ஒரு தடவ நல்லா ஊறிட்டா நான் வந்துருவன். முழுப் பரிச்சைக்கு வரலன்னாலும் ஜூன்ல வந்துருவன்" என்றாள். அவளாகத்தான் கேட்டாளா, மாமா சொல்லிக்கொடுத்து அனுப்பினாரா என்று அப்போதே எனக்குத் தோன்றியது. காலை வரை அவள் சொன்னதை எல்லாம் நான் அப்படியே எடுத்துக்கொள்கிறவளாக இருந்தேன். அவளுடைய வார்த்தையைப் புரட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. புரட்டிப் பார்த்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவர்கள் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார். நான் எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

"யாரு அந்தப் பொண்ணு?"

"எங்க கிளாசு. என் பக்கத்துல உக்காருவா."

"ம்."

"அவங்களுக்கு எதுக்குப்பா ரெண்டு மூட்ட வெல்லம்?"

அப்பா தராசின் சங்கிலியைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். "எதுக்குன்னு தெரிஞ்சுக்கினுதான கேக்கற?"

"உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறன்."

"தெரியும்."

நூலகப் புத்தகங்களில் வரும் அப்பாக்கள் எல்லாம் இந்த இடத்தில் மறுப்பார்கள். அல்லது அதட்டுவார்கள். கடைசியில் அழுவார்கள். எங்கள் அப்பா ஒரு வார்த்தையில் ஒப்புக்கொண்டார். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வேலையாவது இருந்திருக்கும்.

"நான் விக்கறது வெல்லம்மா" என்றார். "இங்க இருக்கற எல்லா மண்டியும்தான் விக்குது. நல்லது மட்டும் வாங்கறன்னா கொட்டகைக்காரன் என்கிட்ட வர மாட்டான். வித்தா கறுப்பையும் விக்கணும். கறுப்ப வாங்கறதுக்கு மலைய வுட்டா ஆள் கிடையாது. வாங்கறவன் இன்னா பண்றான்னு பின்னாடியே போயி பாத்துக்கினா இருக்க முடியும்?"

"அவங்க அப்பாவப் புடிச்சிட்டாங்க. நம்மள யாரும் கேக்கல."

"கேக்க மாட்டாங்க. வெல்லம் விக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல. மலைக்கு ஏத்திக்கினு போறவனத்தான் புடிப்பாங்க."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்பா எப்பவும் முன்னாடி இருக்கற நல்ல உருண்டையா எடுத்துக் குடுத்தீங்க? கறுப்பு மூட்டதான போவுது? கறுப்ப எடுத்து வெக்க ஏன் வுடல?"

அப்பா சுருட்டி மாட்டிய சங்கிலியை மறுபடியும் எடுத்து முதலிலிருந்து சுருட்டினார். கடைசியில், "தேளு இருக்கும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தும்போதுதான் மறுபடி பேசினார். "நாளைக்கி வர்றதுன்னா வா. இல்லாட்டி தூங்கு. நான் வந்து எழுப்ப மாட்டன்."

எனவே என் முன்னால் இருந்தது இவ்வளவுதான். நான் போகாவிட்டாலும் மூட்டை ஏறும். அப்பா யாரையும் தடுக்கப் போவதில்லை. ஆனால் ராசி இல்லாத மூட்டை என்று அவளுடைய அம்மா மறுபடியும் அழுவார். சரியாக ஊறாவிட்டால், ஜாமீன் கிடைக்காவிட்டால், அவள் ஜூனில் வராவிட்டால், அதற்கெல்லாம் நான் வராததுதான் காரணம் என்று அந்த வீட்டில் நினைப்பார்கள். போனாலோ, இதுவரை தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்தவள் ஆவேன். தெரியாமல் என்று எழுதும்போதுகூட இந்தப் பேனா கொஞ்சம் தயங்குகிறது.

வீட்டில் கணக்குப் பாடத்தை முடித்தேன். நூலகப் புத்தகத்தை எடுத்தேன். அதில் என்னைவிட ஒரு வயது பெரிய பெண் ஒருத்தி, தன் வீட்டைப் பற்றிய உண்மை தெரிந்ததும் மழையில் ஓடத் தொடங்கியிருந்தாள். தெருவைத் தாண்டி, வயலைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தாள். அவள் ஓடுகிறபோது யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. நாளைக் காலையில் வந்து தன் கையால் ஓர் உருண்டையை எடுத்து வை என்று அவளிடம் சொல்ல யாரும் இல்லை. ஓடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அவள் ஓடுகிற பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைத்தேன். அந்த நாவலை நான் இன்றுவரை முடிக்கவில்லை. பிறகு நாட்குறிப்பை எழுதினேன். எதை விட்டுவிட்டு எழுதினேன் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அவள் ஜூனில் வந்தாள். ஒன்பதாம் வகுப்பில், சன்னல் ஓரமாக வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்க இரண்டு தடவை எழுந்துபோனேன். இரண்டு தடவையும் பேனாவுக்கு மை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவளுடைய அப்பா வெளியே வந்தது அந்த இரண்டு மூட்டைகளால்தானா என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

மறுநாள், 1979 பிப்ரவரி 17, சனிக்கிழமை. யாரும் எழுப்பாமல் ஐந்தரைக்கு எழுந்து, குளித்துவிட்டு, அப்பாவுக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் நடந்தார். மண்டி வாசலில் ஜீப்பு நின்றது. ஜீப்புக்காரர் வாயைத் திறந்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தோழி மாமாவின் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வழக்கம்போல முன்பக்கக் குவியலில் தேடி, கீறல் இல்லாத மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அதை வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் உடனே ஒரு கடி கடித்தாள். நான் தகரத் தடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். தேள் எதுவும் இல்லை. கறுப்புக் குவியலிலிருந்து கைக்கு அகப்பட்ட ஓர் உருண்டையை எடுத்தேன். பிசுபிசுவென்று விரல்களில் ஒட்டியது. அதைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தராசுத் தட்டில் வைத்தேன். அன்று கண்ணை மூடவில்லை.